வேப்பிலைச் சாறும் வெள்ளி நானோ துகளும்: கொசுப்புழுவைக் கொன்றது எது?

பழுப்பு நிறம் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். வேப்பிலைச் சாற்றை வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஊற்ற வேண்டும், வெள்ளி நானோ துகள், அதாவது கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய வெள்ளித் துகள், உருவாகி நிறம் மாறும்வரை காத்திருக்க வேண்டும், அந்தக் கலவையை மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கொசுவின் புழுக்கள் இருக்கும் கிண்ணத்தில் விட வேண்டும், மறுநாள் செத்ததை எண்ண வேண்டும். அவ்வளவுதான். மூன்று மாதம் இதிலேயே கிடந்த பிறகு, அந்தப் பழுப்பு நிறத்தை இவ்வளவு சுலபமாக நம்பியிருக்கக் கூடாது என்று புரிந்தது. இதே வேலையைத் தொடங்கப் போகிறவர்களுக்குச் சில வாரங்களாவது மிச்சமாகட்டும் என்று, கெட்டுப்போனவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எதற்காக இறங்கினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023இல் மட்டும் 26 கோடிக்கும் அதிகமானோருக்கு மலேரியா வந்தது, ஆறு லட்சத்துக்குச் சற்றுக் குறைவானோர் இறந்தார்கள், அதில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். கொசுக்கள் பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகளுக்குப் பழகிக்கொண்டே வருகின்றன. ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்துக்குப் பணியாத ஒட்டுண்ணிகளும் வந்துவிட்டன. புதிதாக ஏதாவது கிடைக்குமா என்று தேடுகிற இடங்களில் இந்த நானோ துகளும் ஒன்று.

மலேரியாவுக்கு எதிராக என்றால் சோதிக்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஒட்டுண்ணியையே நேராகத் தாக்குவது, அதாவது பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரத்தை மனித சிவப்பணுக்களில் வளர்த்து அதில் துகளை விட்டுப் பார்ப்பது. அந்த வளர்ப்பு முறையை டிரேகரும் ஜென்சனும் 1976இல் கொண்டுவந்தார்கள். வளர்ப்புத் தட்டுகளோடு எரியும் மெழுகுவத்தி ஒன்றையும் ஜாடிக்குள் வைத்து மூடினால், சுடர் அணைவதற்குள் உள்ளே ஆக்சிஜன் குறைந்து கார்பன் டை ஆக்சைடு கூடிவிடும். ஒட்டுண்ணிக்கு அந்தக் காற்று போதும். அழகான யோசனை, ஆனால் ரத்தம், கிருமிப் பாதுகாப்பு, அனுமதி என்று அதற்கு வேண்டியது ஏராளம். இரண்டாவது வழி கொசுவைப் புழுவாக இருக்கும்போதே தடுப்பது. நான் அதைத்தான் எடுத்தேன். ஆய்வகத்தில் ஏற்கனவே அனோபிலிஸ் ஸ்டீஃபென்சி வளர்த்துவந்தார்கள், அது வசதியாகப் போயிற்று.

வெள்ளி அயனியை உலோக வெள்ளியாக மாற்ற எலக்ட்ரான் கொடுக்க ஒரு பொருள் வேண்டும், உருவான துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் போர்த்திவைக்க இன்னொரு பொருள் வேண்டும். வழக்கமான முறையில் இதற்கு சோடியம் போரோஹைட்ரைடு, சிட்ரேட் போன்றவற்றைப் போடுவார்கள். இலைச் சாற்றில் இருக்கும் பாலிஃபீனால்கள், ஃபிளாவனாய்டுகள், டெர்பினாய்டுகள், புரதங்கள் எல்லாம் சேர்ந்து இரண்டு வேலையையும் செய்துவிடும். வேப்பிலைச் சாற்றில் வெள்ளி, தங்கம் இரண்டையும் துகளாக்கலாம் என்று புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரியின் குழு 2004இலேயே காட்டியது. அதனால் துகள் வருமா என்ற சந்தேகம் எனக்கு இருக்கவில்லை. வந்தது துகள்தானா, புழுவைக் கொல்வது அதுதானா என்பதில்தான் மாட்டிக்கொண்டேன்.

சாறு எடுப்பதில் பெரிய வித்தை இல்லை. இலையைக் கழுவி, கடைசி இரண்டு அலசலைக் காய்ச்சி வடித்த நீரில் செய்து, துணியில் ஒற்றி, பொடியாக நறுக்கினேன். 10 கிராம் இலைக்கு 100 மில்லி காய்ச்சி வடித்த நீர். முதல் தடவை கொதிக்கவிட்டேன், சாறு கலங்கலாக, அடர்ந்து வந்தது, வடிதாளில் இறங்கவே ஒரு மணி நேரம் பிடித்தது. அடுத்த முறை 60 டிகிரியில் 15 நிமிடம் மட்டும் வைத்தேன், இளம் மஞ்சளாகத் தெளிந்த சாறு கிடைத்தது. சூட்டைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்குச் சீன விஞ்ஞானி து யூயூ நினைவுக்கு வருவார். ஆர்ட்டிமிசினினைத் தேடியபோது கொதிக்கவைத்த சாற்றில் மருந்து நிற்கவில்லை என்று கண்டு, 35 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும் ஈதரில் பிரித்தெடுத்தார். என் வேலைக்கு அவ்வளவு நுட்பம் தேவைப்படவில்லை, ஆனால் எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று ஒவ்வொரு தடவையும் குறிக்கும் பழக்கம் அந்தக் கதையால்தான் வந்தது. சாற்றைக் குளிர்பெட்டியில் 4 டிகிரியில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்; பத்தாம் நாள் எடுத்த சாற்றில் அடியில் வெள்ளையாக ஏதோ படிந்து புளித்த வாடை அடித்தது, கொட்டிவிட்டேன்.

வெள்ளி நைட்ரேட் ஒரு மில்லிமோலார் கரைசலுக்கு லிட்டருக்கு 0.17 கிராம் போதும். பழுப்பு நிற பாட்டிலில் போட்டு, வெளியே அலுமினியத் தாளும் சுற்றி வைத்தேன். கையுறை, கண்ணாடி இரண்டையும் மறக்க வேண்டாம். ஒரு சொட்டு தோலில் பட்டால் உடனே ஒன்றும் தெரியாது, மறுநாள் கருப்பாகக் கறை தெரியும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது, தோல் உரிந்துதான் போகும். கண்ணில் பட்டால் ஆபத்து.

இனி முதல் தோல்வி. 90 மில்லி வெள்ளி நைட்ரேட்டில் 10 மில்லி சாறு விட்டதும் பால் கலந்த மாதிரி வெளுத்தது. சன்னல் ஓரத்தில் வைத்திருந்தேன், அரை மணி நேரத்தில் அந்த வெண்மை சாம்பல் கலந்த ஊதாவாக மாறியது. நிறம் மாறிவிட்டதே, துகள் வந்துவிட்டது என்று நோட்டில் தேதி போட்டு எழுதியும் வைத்துவிட்டேன். அது துகளே இல்லை, வெள்ளி குளோரைடு. குடுவையைக் கடைசியாகக் குழாய் நீரில் அலசியிருக்கிறேன், அதில் தங்கிய குளோரைடோடு வெள்ளி சேர்ந்து வெண் கலங்கலாகிவிட்டது, அப்புறம் வெளிச்சம் பட்டுக் கருத்தது. அன்றிலிருந்து எல்லாக் கண்ணாடிப் பாத்திரங்களையும் நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் மூன்று முறை அலசிய பிறகே தொட்டேன்.

அப்படியும் குளோரைடு முழுக்க ஒழியவில்லை, ஏனென்றால் இலைக்குள்ளேயே அது இருக்கிறது. பின்னால் ஒரு மாதிரியை, அதில் என்னென்ன படிகங்கள் இருக்கின்றன என்று காட்டும் எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல் சோதனைக்குக் கொடுத்தபோது, வெள்ளிக்கு வரவேண்டிய 38.1, 44.3, 64.4, 77.4 டிகிரி முகடுகளோடு 27.8, 32.2, 46.2 என்று மூன்று முகடுகள் கூடவே வந்தன. அவை வெள்ளி குளோரைடின் அடையாளம். தாவரச் சாற்றில் துகள் செய்கிறவர்கள் இந்த மூன்று எண்களை மேசையில் எழுதி ஒட்டிக்கொள்வது நல்லது. வரைபடத்தில் அடையாளமில்லாத முகடு தெரிந்தால், முதலில் குளோரைடைச் சந்தேகியுங்கள்.

இரண்டாவது தொகுதியில் சரியாக வந்தது. சாறு விட்டவுடன் ஒன்றும் நடக்கவில்லை, இளம் மஞ்சளாகவே நின்றது. பத்து நிமிடம் கழித்துப் பின்னால் வெள்ளைத் தாளை வைத்துப் பார்த்தால்தான் மஞ்சள் கொஞ்சம் தடித்திருப்பது தெரிந்தது. அரை மணியில் தேன் நிறம், ஒரு மணியில் கருப்பட்டிப் பாகு மாதிரி செம்பழுப்பு. இருட்டில் லேசர் சுட்டியை அடித்தால், மிதக்கும் துகள்கள் ஒளியைச் சிதறவிட்டு, குடுவைக்குள் ஒரு கோடு தெளிவாகத் தெரிந்தது, அதே லேசர் வெறும் வெள்ளி நைட்ரேட் கரைசலுக்குள் போனதே தெரியாமல் போனது. இந்த நிறம் சாயத்தின் நிறம் அல்ல. வெள்ளித் துகளின் மேற்பரப்பில் இருக்கும் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து ஊசலாடி, 400 முதல் 450 நானோமீட்டர் வரையிலான ஊதா-நீல ஒளியை விழுங்கிவிடுகின்றன, மிச்சம் நம் கண்ணுக்கு மஞ்சளாக, பழுப்பாகத் தெரிகிறது. ஃபாரடே 1857இல் தங்கத்தைக் கூழ்மமாக்கிச் செந்நிறம் கண்டதும் இதே காரணத்தால்தான்.

எந்த அலைநீள ஒளி எவ்வளவு விழுங்கப்படுகிறது என்று அளக்கும் யூவி-விசிபிள் ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைக்கும்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். கலவையைப் பத்து மடங்காவது நீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் முகடு தட்டையாக வெட்டுப்பட்டு நிற்கும். அப்புறம், ஒப்பிட வெறும் நீரை வைக்காமல் அதே அளவு நீர்த்த இலைச் சாற்றை வைக்க வேண்டும், ஏனென்றால் 400 நானோமீட்டருக்குக் கீழே சாறே நிறைய ஒளியை விழுங்கும், அந்தச் சரிவு துகளின் முகட்டோடு கலந்துவிடும். என் முதல் நல்ல தொகுதியின் முகடு 436இல், அகலமாக, தொய்ந்த மாதிரி இருந்தது. துகள்கள் பல அளவில் இருந்திருக்க வேண்டும்.

அதைச் சரிசெய்ய காரத்தன்மையை மாற்றிப் பார்த்தேன். சாறு இயல்பாகக் கொஞ்சம் அமிலத்தன்மையோடு இருக்கும். நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாகச் சாற்றில் விட்டுப் பிஎச் 8க்குக் கொண்டுவந்து கலந்தபோது நிறம் ஐந்து நிமிடத்திலேயே ஏறியது, முகடு 421இல் ஒடுங்கி எழுந்தது. பேராசையில் இன்னும் சில சொட்டு விட்ட தொகுதியில் அடியில் பழுப்புத் தூள் படிந்தது. அது வெள்ளி ஆக்சைடு. குளோரைடு ஊதாவாக ஏமாற்றியது என்றால், ஆக்சைடு பழுப்பாகவே வந்து ஏமாற்றும். பார்க்க வேண்டியது நிறத்தை மட்டுமல்ல, கலவை தெளிவாக நிற்கிறதா, அடியில் படிகிறதா என்பதையும்தான்.

சரி, புழுக்களுக்கு வருகிறேன். அனோபிலிஸ் புழுவை அடையாளம் காண்பது சுலபம், அது நீர்ப்பரப்புக்கு இணையாகப் படுத்துக் கிடக்கும். கியூலெக்ஸ் புழுவுக்கு மூச்சுக்குழல் உண்டு, அது தலைகீழாகச் சாய்ந்து தொங்கும். அனோபிலிஸுக்கு அந்தக் குழல் இல்லை, அதனால் உடலையே மேற்பரப்பில் ஒட்டிவைத்துக்கொள்கிறது. உருப்பெருக்கியில் பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: சாப்பிடும்போது அது தலையை மட்டும் 180 டிகிரி திருப்பி, வாயை மேலே கொண்டுவந்து, பரப்பில் மிதக்கும் துணுக்குகளைத் தூரிகை மாதிரி முடிகளால் வாரி இழுக்கும். வயிறு கீழே பார்த்திருக்க முகம் மேலே பார்த்திருக்கும். முதல் நாள் இதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பரப்பில் இருக்கும் எதையும் விழுங்குகிற உயிர் என்பதால், நீரில் தொங்கிக்கொண்டிருக்கும் துகள் அதன் குடலுக்குள் போகும் வாய்ப்பு அதிகம் என்று எனக்குத் தோன்றியது.

சோதனையை உலக சுகாதார நிறுவனத்தின் 2005ஆம் ஆண்டு வழிகாட்டியை ஒட்டி அமைத்தேன். கிண்ணத்துக்கு 100 மில்லி நீர், மூன்றாம் நிலைப் புழுக்கள் 25, ஒவ்வொரு அளவுக்கும் நான்கு கிண்ணங்கள், 24 மணி நேரம். ஊசியால் தொட்டாலும் அசையாதது செத்தது. அசைந்தாலும் மேலே எழும்பி வர முடியாததையும் அதோடு சேர்த்தே எண்ண வேண்டும். கிண்ணங்களை வலைத்துணியால் மூடியே வைத்தேன். கூட்டுப்புழு ஆகி ஒன்றிரண்டு கொசு வெளியே வந்துவிட்டால், ஆய்வகத்தில் வளர்ந்தது என்றாலும் அதை வெளியே விடக் கூடாது. சோதனை முடிந்ததும் மிச்சப் புழுக்களை வெந்நீரில் போட்டு முடித்துவிடுவேன்.

முதல் சோதனையில் கலவையை அப்படியே, கழுவாமல், கிண்ணத்துக்கு 10 மில்லி விட்டேன். மறுநாள் காலை 100 புழுக்களில் 96 அடியில் கிடந்தன. வெறும் நீர்க் கிண்ணங்களில் எல்லாம் நீந்திக்கொண்டிருந்தன. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன், வழிகாட்டி ஆசிரியரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் பாராட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மிச்ச வெள்ளி நைட்ரேட் எங்கே போச்சு?"

பதில் என்னிடம் இல்லை. வெள்ளி அயனியே நஞ்சு. சாறு எல்லா அயனியையும் துகளாக்கிவிட்டது என்று எந்த அளவீடும் இல்லாமலே எடுத்துக்கொண்டிருந்தேன். அன்று மாலையே கலவையை மையவிலக்கியில் நிமிடத்துக்கு 12,000 சுற்றில் 20 நிமிடம் சுழற்றினேன். துகள்கள் குழாயின் அடியில் கரும்பழுப்பாக ஒட்டிக்கொண்டன, மேலே இளம் மஞ்சளாகத் தெளிவு நின்றது. அந்தத் தெளிவில் இரண்டு மில்லி எடுத்து, உப்புக் கரைசல் மூன்று சொட்டு விட்டேன். முதல் சொட்டு விழுந்த இடத்திலிருந்தே வெள்ளையாகப் புகை மாதிரி கீழே இறங்கியது. குலுக்கியதும் குழாய் முழுக்கப் பால். அம்மோனியா விட்டதும் தெளிந்துவிட்டது. வெள்ளி குளோரைடு அம்மோனியாவில் கரையும், அதனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் அது வெள்ளிதான். அணு உறிஞ்சல் நிறமாலைமானியில் அளந்தபோது, கலவையில் போட்ட வெள்ளி லிட்டருக்கு 97 மில்லிகிராம், அதில் ஏறக்குறைய 40 தெளிவிலேயே, துகளாக மாறாமல் கிடந்தது.

அதனால் முழுதாகத் திரும்பச் செய்தேன். இந்த முறை துகள்களை மூன்று முறை கழுவினேன், அதாவது சுழற்றி, தெளிவை இறுத்து, புது நீர் விட்டு, மீயொலித் தொட்டியில் வைத்துக் கலக்கி, மறுபடி சுழற்றி. கடைசித் தெளிவில் உப்பு விட்டால் ஒன்றும் வராத வரைக்கும் போனேன். இங்கே ஒரு எச்சரிக்கை: கழுவிய துகளை அடுப்பில் உலர்த்தித் தூளாக்கி எடைபோடும் ஆசை வரும். ஒரு தடவை செய்தேன், உலர்ந்தது திரும்ப நீரில் பிரியவே இல்லை, சின்னச் சின்னக் கட்டியாக மிதந்தது. ஈரமாகவே வைத்திருங்கள். அளவு தெரிய ஒரு சின்னப் பங்கை மட்டும் எடுத்து நைட்ரிக் அமிலத்தில் கரைத்து வெள்ளியை அளக்க வேண்டும். உலர் எடை நம்பத்தகாதது, என் மாதிரியில் உலர் எடை லிட்டருக்கு 78 மில்லிகிராம், வெள்ளி 52 மட்டுமே. மீதி முழுக்க இலையிலிருந்து வந்த போர்வை. ஒருவர் உலர் எடையில் எழுதிய அளவையும் இன்னொருவர் வெள்ளி எடையில் எழுதிய அளவையும் பக்கத்தில் வைத்து எது வீரியமானது என்று பேசுவதில் பொருளே இல்லை.

இரண்டாவது சோதனையில் ஐந்து வகைக் கிண்ணங்கள், எல்லாம் காய்ச்சி வடித்த நீரில், ஒவ்வொன்றிலும் மொத்தம் 100 புழுக்கள். வெறும் நீரில் 2 செத்தன. இலைச் சாறு மட்டும் விட்டதில் 6. வேம்பில் பூச்சிகளைத் தாக்கும் அசாடிராக்டின் இருக்கிறது, அதனால் இந்தக் கன்ட்ரோல், அதாவது ஒப்பீட்டுக் கிண்ணம், இல்லாமல் செய்யவே கூடாது. முதல் தெளிவு, அதாவது துகள் நீக்கிய கரைசல் விட்டதில் 89. வெள்ளி நைட்ரேட், லிட்டருக்கு 5 மில்லிகிராம் வெள்ளி வரும்படி விட்டதில் 94. கழுவிய துகள், அதே 5 மில்லிகிராம் வெள்ளியில், 31. வெறும் நீரில் இறப்பு 5 சதவீதத்துக்குக் கீழே இருந்ததால் அந்த இயல்பான இறப்பைக் கழித்துக் கணக்கிடும் அபாட் திருத்தம் போட வேண்டியிருக்கவில்லை. அந்த இறப்பு 20 சதவீதத்தைத் தாண்டினால் சோதனையையே தூக்கிப்போட வேண்டும்.

31க்கும் 94க்கும் உள்ள தூரத்தை நோட்டில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். முதல் நாள் நான் கொண்டாடிய சாவில் பெரும்பங்கு துகளால் வந்ததல்ல, மிச்சமிருந்த வெள்ளி நைட்ரேட்டால் வந்தது. ஆனாலும் துகளுக்கு ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். செறிவாக்கி 20 மில்லிகிராமுக்குக் கொண்டுபோனபோது 78 செத்தன. அந்தக் கிண்ணத்துப் புழுக்களை வழுக்கியில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், ஒளி ஊடுருவும் உடலுக்கு நடுவே குடல் மட்டும் கரும்பழுப்புக் கோடாக ஓடியது. விழுங்கியிருக்கின்றன. நைட்ரேட்டில் செத்தவற்றில் அந்தக் கோடு இல்லை.

இன்னொரு சிக்கல் பத்து நாள் கழித்துத் தெரிந்தது. கழுவி வைத்திருந்த துகளை மறுபடி சுழற்றி, தெளிவில் உப்பு விட்டேன், லேசாக வெளுத்தது. காற்றிலிருந்து நீரில் கரைந்த ஆக்சிஜன் துகளின் மேற்பரப்பை மெல்ல அரித்து அயனியாக விடுகிறது. ஆகவே துகள் வேறு, அயனி வேறு என்று சுத்தமாகக் கோடு கிழிக்க முடியாது. சோதனை நாளன்றே கழுவி, அன்றே உப்புச் சோதனை செய்து, அன்றே பயன்படுத்த வேண்டும். கட்டுரையில் அந்தத் தேதியையும் எழுத வேண்டும்.

இதை நேராகத் தண்ணீர்த் தொட்டியில், குளத்தில் விடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், கூடாது. குடிநீரில் வெள்ளி லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான் விட்டது அதைப் போல 50 மடங்கு, 200 மடங்கு. டாஃப்னியா போன்ற நீர்த்தெள்ளுகளுக்கு வெள்ளி அயனி சில மைக்ரோகிராமிலேயே எமன். கொசுப்புழு சாவதற்கு வெகு முன்பே அந்த நீரில் மற்றவை செத்துவிடும். தாவரத்தில் செய்ததால் இது பசுமையானது என்று எழுதுகிறார்கள், செய்முறையில் போரோஹைட்ரைடு இல்லை என்ற அளவில் அது சரி, கைக்கு வருவது என்னவோ வெள்ளிதான். என் கழிவு நீர் ஒரு சொட்டுகூட வடிகாலில் போகவில்லை. உப்புப் போட்டுப் படியவைத்து, வடித்து, வெள்ளி குளோரைடாகச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

இப்போது மேசையில் இருப்பது அடுத்த தொகுதி. சாற்றின் பங்கை இரண்டு மடங்காக்கி, பிஎச் 8இல், இருட்டில் ஆறு மணி நேரம் வைத்தேன். முகடு 419. இன்று காலை சுழற்றி, முதல் தெளிவில் உப்பு விட்டேன். வெளுப்பு இருக்கிறது, ஆனால் குழாய்க்குப் பின்னால் பிடித்த எழுத்தைப் படிக்க முடிகிறது. போன முறை முடியவில்லை. நாளை இரண்டாவது கழுவல்.